சுவருக்குப் பின்னால் பட்ட குண்டு

காஞ்சிபுரத்தில் அமர்ந்து சிங்கப்பூர் சர்வரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறீர்கள். சுவருக்குப் பின் ஒளிந்த பிறகும் குண்டு படுகிறதே, ஏன்?

சென்னை–சிங்கப்பூர் ‘ஐ2ஐ’ கடலடிக் கேபிள் (2002) சுமார் 3,200 கி.மீ. நீளம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. தான் ஓடும். ஆகவே, தறியில் நாடா போல, போய்த் திரும்ப 32 மில்லி விநாடி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினியாலும் இதைக் குறைக்க முடியாது! எதிரி காண்பது உங்கள் சற்றுப் பழைய இடத்தை. பல விளையாட்டுகளில் சர்வரும் அவன் சுட்ட கணத்துக்குப் பின்சென்றே தீர்ப்பளிக்கிறது.

திரையில் ‘பிங்’ 120 என்றால் மிச்சம் எங்கே? முதலில் வீட்டு ரௌட்டருக்குப் பிங் அனுப்புங்கள். கம்பி இணைப்பில் 1, 2 தான் வர வேண்டும். வைஃபையில் 5, 90, 40 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக்குள்ளேயே, கம்பியை மாட்டுங்கள். அங்கே சரியென்றால், மும்பை சர்வர் இருக்கிறதா என்று பாருங்கள், தூரமாவது குறையும்.