வாசிக்கத் தெரியாத புத்தகம்



உங்கள் பிள்ளையின் தமிழ்க் கொப்பியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'எங்கள் வீட்டுப் பசு' என்றொரு கட்டுரை அதில் பெரும்பாலும் இருக்கும். நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால். எல்லாம் முத்து முத்தான எழுத்தில். ஆனால் உங்கள் வீட்டில் பசு இருக்கிறதா? எங்கள் கனமூலையில் களப்பில் மீன் பிடிக்கப் போகிறவரின் பிள்ளையும் அதே பசுவைத்தான் எழுதுகிறது. வாப்பா கட்டாரில் இருக்கும் பிள்ளையும் அதே பசுவைத்தான் எழுதுகிறது. அந்தப் பசுவைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் கட்டி வைத்தவர்களில் நானும் ஒருவன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு தாய் என்னிடம் வந்து முறையிட்டார். "மௌலவி, இவனுக்கு வாய் மூடாது. எழுதச் சொன்னால் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் எதைச் சொல்லிக் கொடுக்க?"

அவருக்கு நான் கொடுத்தது ஒரு சிங்களப் புத்தகம். 'இது என்ன புதினம்!' என்று அவர் முகம் சொன்னது. அவருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. அதற்காகவே கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன். இதை எழுதிப் படமும் வரைந்தவர் சிபில் வெத்தசிங்ஹ என்ற பெண்மணி. 1927இல் பிறந்து 2020இல் மறைந்தார். 1956இல் வந்த இந்தக் கதை ஜப்பானிய மொழிவரை போய்ச் சேர்ந்தது. குடையையே பார்த்திராத ஒரு கிராமம். அங்குள்ளவர்கள் மழைக்கு வாழை இலையைத் தலையில் பிடிப்பார்கள். கிரி மாமா என்பவர் பட்டணம் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் குடை காணாமல் போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே நடந்து போனால் காட்டில் ஒரு மரத்தில் குடைகள் தொங்குகின்றன. அத்தனையையும் எடுத்துக்கொண்டு, திருடனுக்கென்று ஒன்றை மட்டும் விட்டு வருகிறார். திருடன் யார் தெரியுமா? ஒரு குரங்கு!

இவ்வளவையும் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்திலேயே பார்க்கலாம். வகுப்பில் பிள்ளைகள், "ஸேர், இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். "நீங்களே சொல்லுங்கள், எழுதுவோம்" என்றேன். கிரி மாமாவுக்கு அவர்கள் 'குடை நானா' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளையும் பென்சிலைக் கடிக்கவில்லை.

"உருவப் படம் ஆகுமா மௌலவி?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உருவப் படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் விடயத்தில் பலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் பொம்மைகள். அபூதாவூதில் அந்த ஹதீஸைப் படித்திருப்பீர்கள். பொம்மைகளின் நடுவில் துணிச் சிறகு வைத்த ஒரு குதிரை. நபி (ஸல்) அவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். அதன் மேல் இருப்பது என்ன என்கிறார்கள். குதிரைக்குச் சிறகா என்கிறார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி பதில் சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

மார்க்கச் சட்டத்துக்காகவே இந்த ஹதீஸை நான் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். அதில் இருக்கும் ஆசிரியரைக் கவனிக்க எனக்கு நீண்ட காலம் எடுத்தது. குதிரைக்குச் சிறகு கிடையாது என்று அங்கே திருத்தம் நடக்கவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி மட்டுமே. பதில் முழுவதும் அவர்களுடையது.

(அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் தோணி, தென்னந்தோப்பு, மழை மேகம் என்று உயிரற்றவற்றின், மரம் செடிகளின் படங்களை எடுத்துக் கொள்ளுங்கள். கதைக்கு அதுவும் போதும்.)

உம்மாமார் செய்ய வேண்டியதும் அந்தக் கேள்விதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் போதும். ஒரே ஒரு படம். இது யார்? எங்கே போகிறார்? ஏன் முகம் வாடியிருக்கிறது? இதற்கு முன் என்ன நடந்திருக்கும்? பிள்ளை சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே நீங்கள் எழுதுங்கள். 'போறாரு' என்றால் 'போறாரு'தான். அதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது கடதாசியில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களே காண்பீர்கள். சில நாள் போனதும் பென்சிலை அவர் கையில் கொடுங்கள். சிவப்புப் பேனையைத் தூக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் காட்டுங்கள். இன்று ரகர றகரம் என்றால் ணகர னகரம் நாளைக்கு.

கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு கடதாசியால் மூடிவிடுங்கள். முடிவை அவர் எழுதட்டும். சிபில் அம்மையாரே இதைச் செய்து காட்டினார். 'வொண்டர் கிறிஸ்டல்' என்ற அவரது கதைக்கு முடிவு எழுதும்படி நாட்டுப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது. 1250 வெவ்வேறு முடிவுகளோடு அந்த நூல் 2020இல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது. ஒரே கதைக்கு 1250 முடிவு! நாமோ முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பசுவைக் கொடுக்கிறோம்.

புத்தகத்துக்கு எங்கே போவது? பாடசாலை நூலகத்தில் கேளுங்கள். பிள்ளை எப்படியும் கையை விட்டு வைக்காத உங்கள் கைத்தொலைபேசியில் 'ஸ்டோரிவீவர்' தளத்தைத் திறந்தால் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். சொல்லே இல்லாத படக்கதைகளும் உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் ஆரம்பித்த தளம் அது. ஒன்றும் கிடைக்காவிட்டால் பழைய கலண்டர் படம் இருக்கவே இருக்கிறது.

சிங்களப் புத்தகம் கொண்டுபோன தாய் இரண்டு வாரம் கழித்து வந்தார். மகன் எழுதிய முடிவு இதுதான்: "குரங்கு குடைய களவெடுக்கல்ல. அதுட உம்மா மழயில நனைஞ்சி காய்ச்சல். குடை நானாக்கு அது வெளங்கிட்டு."

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் நான்கு வரி இருந்தது. அந்த உம்மாக் குரங்குக்குக் காய்ச்சல் குணமான கதை. "அது நான் எழுதினது மௌலவி. மகன் விடவில்லை, நீங்களும் எழுதுங்க என்று நின்றான். றகரம் சரியா என்று பாருங்க" என்றார்.

ஓர் இடத்தில் மட்டும் பிழைத்திருந்தது. அதைக் காட்டிவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.