கிருத்திகையும் பிரியாணியும்

பொதட்டூர்பேட்டை மாதிரித் தறி ஊரில் விரதத்துக்கு நாள் தேட வேண்டியதில்லை. திருத்தணி முருகன் பக்கத்திலேயே இருக்கிறார். 27 நாளுக்கொரு கிருத்திகை தானாக வந்து நிற்கும். அன்று எதைச் சாப்பிடலாம், எந்த வேளை சாப்பிடலாம் என்பதெல்லாம் முதல் நாளே முடிவாகிவிடும். விருந்துக்குத்தான் இந்த ஒழுங்கு கிடையாது. வாரமெல்லாம் அளவாகச் சாப்பிட்டவர் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை போண்டாவில் ஆரம்பித்து, ராத்திரி பரோட்டா சால்னா, ஞாயிறு மதியம் பிரியாணி, அப்புறம் டப்பாவில் மிச்சமிருந்த ஜிலேபி என்று போய்விடுகிறார். இதில் அவர் உண்மையிலேயே ஆசைப்பட்டது பிரியாணிக்கு மட்டும். மற்ற மூன்றும் கண்ணில் பட்டதால் வயிற்றுக்குள் போனவை. வார இறுதி விருந்தையும் விரதம் போலவே முன்கூட்டிப் பெயர் சொல்லி, வேளை குறித்து வைத்தால் அந்த மூன்றும் தாமாகக் கழன்றுவிடும்.

கணக்குப் போட்டால் தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 300 கலோரி குறைத்தால் மிச்சம் 1,500. சனி, ஞாயிறில் 750 வீதம் கூடினால் அத்தனையும் போச்சு. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு வார இறுதிகளில் எடை இறங்குவது நின்றுபோனது. உடற்பயிற்சியை மட்டும் கூட்டியவர்களுக்கோ எடை ஏறியது. அதற்காக ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 80 பேரின் எடையைத் தொடர்ந்து கவனித்த 2014 ஆய்வு ஒன்றில், மெலிந்தவர்களுக்கும் வார இறுதியில் எடை ஏறியது; ஆனால் திங்களிலிருந்து வெள்ளிக்குள் அதை இறக்கிவிட்டார்கள். ஆக, காரியம் வார நாளில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நாளுக்கு நான்கு குடித்தால் எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 35 கிராம். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிலேபியைத் திட்டுகிறவர்கள் டீ கிளாஸை எண்ணுவதில்லை.

“நாள் குறித்துத் தின்றால் ருசி இருக்குமா?” என்று கேட்கலாம். தீபாவளிக்கு நாள் குறித்துத்தான் காத்திருக்கிறோம். அதனால் அதிரசம் கசந்துவிடவில்லை. இன்னொரு சாமர்த்தியமான யோசனையும் உண்டு: ஞாயிறு பிரியாணிக்காகச் சனிக்கிழமை பட்டினி கிடப்பது. காய்ந்த வயிறு அளவு பார்க்காது. அரை பிளேட் போதும் என்று போனவர் முழு பிளேட்டோடு குஸ்காவும் சேர்த்துக் கேட்பார். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்தும் உண்டு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் சர்க்கரை நோயாளிகளை 10.1 கோடி என்று மதிப்பிட்டிருப்பதால், இது யாரோ சிலருக்கான எச்சரிக்கை அல்ல. நியாயமான கேள்வி ஒன்றுதான்: புதன்கிழமை சொந்தத்தில் கல்யாணம் வந்தால்? அந்த வாரத்து விருந்து அதுவே. பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குழம்போடு நிறுத்திக்கொள்ளலாம்.