இயந்திரம் நின்ற பிறகே கை: அச்சகத்தில் விரல்களைக் காப்பது எப்படி?

ஜோர்ஜ்டவுன் – தீபாவளி, தைப்பூசம், கல்யாண மாதங்கள் நெருங்கினால் அச்சகங்களுக்கு ஓய்வில்லை. அழைப்பிதழ், நாட்காட்டி, கோயில் நோட்டீஸ் என எல்லாமே ‘நாளைக்கே வேண்டும்’ என்றுதான் வரும். தொழிலாளர்களின் விரல்களுக்கு ஆபத்தான காலமும் அதுதான்.

ரசீதுக்கு எண் அடிக்கவும் அட்டைக்கு மடிப்புக்கோடு போடவும் சிறிய அச்சகங்கள் பல, பழைய ஹைடல்பர்க் ‘விண்ட்மில்’ இயந்திரத்தை இன்னும் வைத்திருக்கின்றன. அது மணிக்கு 5,000 தாள் வேகத்தில் ஓடினால் ஒரு தாளுக்கு 0.72 வினாடிதான். அதற்குள் தட்டு திறந்து, தாள் மாறி, மீண்டும் மூடிவிடும். கண் பார்த்துக் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய கால் வினாடி போய்விடும். சட்டென்று கையை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

ஆஃப்செட் இயந்திரத்தில் எதிரெதிராகச் சுழலும் உருளைகளின் இடுக்குதான் ஆபத்து. துடைக்கும் துணியின் நுனி மாட்டினால் போதும், துணியோடு விரலும் உள்ளே போகும்.

கோணலான தாளை நேராக்கும்போதும், சிக்கிய தாளை உருவும்போதும், மை படிந்த உருளையைத் துடைக்கும்போதும்தான் கை உள்ளே போகிறது. ‘ஒரு நொடிதானே’ என்று இயந்திரத்தை நிறுத்தாமல் விடுவதே தவறு.

செய்ய வேண்டியவை:

1. முதலில் நிறுத்துங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் சக்கரம் சற்று ஓடும். முழுதாக நின்ற பிறகே கையை வையுங்கள்.

2. உருளையைச் சிறிது நகர்த்தி, நின்றதும் துடையுங்கள். துணியில் நூல் தொங்கக்கூடாது. பொத்தானை அழுத்துபவரும் துடைப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும்.

3. பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். சென்சாரில் டேப் ஒட்டாதீர்கள். காகித வெட்டு இயந்திரத்தின் இரண்டு பொத்தான்களும் இரண்டு கைகளையும் கத்திக்கு வெளியே வைப்பதற்காகத்தான்.

4. மோதிரம், கைச்சங்கிலி, துப்பட்டா வேண்டாம். கோயில் கயிற்றையும் வேலை நேரத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஓடும் உருளை அருகே கையுறையும் ஆபத்துதான்.

5. பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை நீங்களே வைத்திருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. சிறிய அச்சகமும் இதற்கு உட்பட்டதே. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது.

ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி சொக்சோவில் பதிய வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். உங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று இப்போதே பாருங்கள்.

விரல் துண்டானால்?

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. 999-ஐ அழையுங்கள்.

அச்சடிக்கக் கொடுக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. அடுத்த கல்யாணக் கார்டை ஒரு வாரம் முன்னதாகவே கொடுப்போம்.