முடிச்சூர்... கேக்குதா? ஓவர்!

‘‘முடிச்சூர்... முடிச்சூர்... கேக்குதா? ஓவர்!’’

மொட்டை மாடியில் நின்று நான் இப்படிக் கத்தியபோது, வடாம் காயவைத்துக்கொண்டிருந்த எதிர் பிளாட் மாமி நிமிர்ந்து பார்த்தார்.

‘‘தாம்பரத்துலேர்ந்து முடிச்சூர் கூப்பிடு தூரம்தானேப்பா? போன் பண்ணினா எடுக்க மாட்டாளா?’’

நியாயமான கேள்வி. ஆனால், மாமிக்கு ஒரு ராத்திரி மறந்துபோயிருந்தது. 2015 டிசம்பர் 1. விடிவதற்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. முதலில் கரன்ட் போயிற்று. பின்னாலேயே செல்போன் சிக்னலும் போயிற்று. முடிச்சூர் நண்பர் வீட்டுக்குள் அடையாறு அழையா விருந்தாளியாக நுழைந்துவிட்டது. அவர் மாடிக்கு ஏறிவிட்டாரா, கீழேயே மாட்டிக்கொண்டாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் என் கையில் இருந்த போன், பேப்பர் வெயிட்டுக்குத்தான் லாயக்கு.

அதற்கப்புறம்தான் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுத்தேன். 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவும் ஹாம் ரேடியோ வழியாக அந்தமான் செய்திகளை வெளியுலகுக்குச் சொன்ன கதையைப் படித்திருந்தேன். அவர் செய்ததில் நூறில் ஒரு பங்கு நம்மால் ஆகாதா என்ற ஆசை!

கையில் வைத்துக்கொள்ளும் வாக்கி-டாக்கி செட் வெறும் 5 வாட். நாலு கட்டடம் குறுக்கே வந்தால் மூச்சு வாங்கும். அதற்குத்தான் ரிப்பீட்டர். உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் உரக்கச் சொல்லும். பெரிய கம்பெனி ரிப்பீட்டர் என்றால் லட்சத்தில் விலை. எங்கள் ஐந்து பேர் கோஷ்டி, வீட்டுக்காரம்மாக்களுக்குத் தெரியாமல் சீட்டுப் போட்டு, ஸ்கூட்டர் விலையில் பாதிக்கு ஒரு பட்ஜெட் டிஜிட்டல் ரிப்பீட்டர் வாங்கினோம். உரிய அனுமதியும் வாங்கிக்கொண்டு, பெட்டியைப் பிரித்தோம். பழைய வி.சி.ஆர். சைஸ்!

ரிப்பீட்டர் ஒன்று, செட்டுகள் ஐந்து, கம்பெனிகளும் ஐந்து. ஒன்று செகண்ட் ஹாண்டில் வந்த அமெரிக்கப் பெயர். மூன்று சீனத்து மாடல்கள். ஐந்தாவது, எங்களில் வசதியானவரான பேங்க் நண்பர் வாங்கிய ஜப்பான் செட். ‘‘வெள்ளம் வந்தா அவனவன் கையில எது இருக்கோ அதைத்தான் தூக்கிட்டு வருவான். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசுமா?’’ இதுதான் கேள்வி.

பேச வேண்டும், சட்டப்படி! டி.எம்.ஆர். என்பது ஐரோப்பிய தர அமைப்பான எட்சி 2005-ல் வெளியிட்ட பொது விதி. மோட்டரோலா, ஹைட்டெரா தொடங்கி சின்னச் சின்ன சீனக் கம்பெனிகள் வரை அதை வைத்து செட் செய்கிறார்கள். விஷயம் எளிமையானது. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே குழாய், இரண்டு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் 30 மில்லி செகண்ட் பிடிப்பார்கள், அடுத்த 30 மில்லி செகண்ட் அவர்கள். மாறி மாறி இவ்வளவு வேகமாகப் பிடிப்பதால், இரண்டு குடமும் ஒரே சமயத்தில் நிரம்புகிற மாதிரி இருக்கும். அதாவது, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலில் இரண்டு தனித்தனிப் பேச்சு. சண்டையில்லாத குழாயடி!

ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை ஆரம்பம். பட்டனை அழுத்தினேன். ரிப்பீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நண்பர்கள் செட்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால், சத்தம்? மூச்!

‘‘சார், லைட் எரியுது, பேச்சு வரலை!’’

‘‘எங்க வீட்டுல நேத்து சாயங்காலத்துலேர்ந்து அப்படித்தான்!’’ என்றார் மின்வாரிய நண்பர். அவர் போட்ட சீட்டு விஷயம் வெளியே வந்துவிட்டதாம்.

காரணம் கண்டுபிடிக்க மத்தியானம் ஆயிற்று. டி.எம்.ஆரில் நாலு பொருத்தம் பார்க்க வேண்டும். ஒன்று, அலைவரிசை: ரிப்பீட்டர் பேசுவதில் நாம் கேட்க வேண்டும், அது கேட்பதில் நாம் பேச வேண்டும். இரண்டு, கலர் கோடு: 0 முதல் 15 வரை ஒரு எண். மூன்று, டைம் ஸ்லாட்: ஒன்றா, இரண்டா. நாலாவது, டாக் குரூப்: எந்தக் கூட்டத்தோடு பேசுகிறோம் என்பதற்கான எண். நாலில் ஒன்று தப்பினாலும் கல்யாணம் நின்றுவிடும். எங்கள் கேஸில் மூன்று பொருந்திவிட்டது. நாலாவது எண்ணை நண்பர்கள் ‘பேசும்’ இடத்தில் எழுதியிருந்தார்கள்; ‘கேட்கும்’ பட்டியலில் சேர்க்கவில்லை. செட்டுக்கு அலை வந்தது தெரியும். ‘நமக்கில்லை’ என்று வாயை மூடிக்கொண்டது. பாவம், கடமை தவறாத குமாஸ்தா!

கூத்து என்னவென்றால், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாஃப்ட்வேர். ஒரே சங்கதிக்கு ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். திருத்தி முடித்ததும், அமெரிக்காவும் சீனாவும் தாம்பரத்தில் மணிமணியாகப் பேசிக்கொண்டன.

பேங்க் நண்பரின் ஜப்பான் செட் மட்டும் ஊமை. அது டிஜிட்டல்தான், விலையும் அதுதான் அதிகம். ஆனால், டி.எம்.ஆர். இல்லை, சி4எஃப்.எம். என்ற வேறு பாஷை. ஹாம் உலகில் டி-ஸ்டார் என்று இன்னொரு பாஷையும் உண்டு. ‘டிஜிட்டல்’ என்று எழுதியிருப்பதாலேயே எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். அவர் முகம் தொங்கிப்போனது. ‘‘பழைய அனலாக் எஃப்.எம்.முக்கு மாத்துங்க’’ என்றேன். ஐந்து செட்டும் அதில் கலகலவென்று பேசின. இது ஒரு பாடம். டிஜிட்டல் எவ்வளவுதான் இருந்தாலும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அனலாக் சேனல் வைத்தே ஆகவேண்டும்.

அடுத்தது தூரம். ஆன்டெனா உயரம் 16 மீட்டர். புத்தகக் கணக்குப்படி ரேடியோ அடிவானம் சுமார் 16 கிலோமீட்டர். மின்வாரிய நண்பர் ஸ்கூட்டரில் கிளம்பினார். குரோம்பேட்டை போவதற்குள் குரல் ரோபோ மாதிரி ஆகி, பட்டென்று நின்றது. அனலாக்கில் தூரம் போகப்போக இரைச்சல் கூடும். ‘ஏதோ சொல்றான்’ என்றாவது தெரியும். டிஜிட்டல் அப்படியில்லை, கடைசி வரை கணீர், அப்புறம் கப்சிப்!

குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று, டியூப்ளெக்சர். ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் வேண்டும், கத்தவும் வேண்டும். கோயில் திருவிழாவில் மைக் பிடித்துக் கத்திக்கொண்டே பாட்டி முணுமுணுப்பதையும் கேட்கிற வித்தை. இரண்டையும் பிரிப்பதுதான் டியூப்ளெக்சர் வேலை. அமெரிக்காவில் இந்த பேண்டில் இரண்டுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். நமக்குக் கொடுத்திருப்பதே 434 முதல் 438 வரை, மொத்தம் 4 மெகாஹெர்ட்ஸ்தான். சின்ன டியூப்ளெக்சர் திணறியது. ரிப்பீட்டர் தன் சத்தத்தாலேயே தன் காதைச் செவிடாக்கிக்கொண்டிருந்தது. கல்லூரி லேப் நண்பர் கருவியை மாட்டி, குட்டிக் குட்டி ஸ்க்ரூக்களைத் திருகி, மூன்று மணி நேரத்தில் வழிக்குக் கொண்டுவந்தார். பவரை 10 வாட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்ததும் காது இன்னும் நன்றாகக் கேட்டது. குறைத்தால் நிறைய கேட்கும்... வீட்டுக்கும் பொருந்தும்!

இரண்டாவது, என் கஞ்சத்தனம். மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று 20 மீட்டருக்கு ஒல்லியான ஆர்.ஜி.58 கேபிள் போட்டிருந்தேன். இந்த அலைவரிசையில் அது சுமார் 7 டெசிபலைத் தின்றுவிடும். 10 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போவது 2 வாட்! வருகிற சிக்னலுக்கும் அதே கதி. தடியான கேபிள் மாற்றினோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்ச் சேர்ந்தது. ரிப்பீட்டரில் மிச்சம் பிடிக்கலாம். கேபிளில் பிடிக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் புரிந்தது. பட்டனை அழுத்தியதும் பேசினால் முதல் வார்த்தை காணாமல் போகிறது. ரிப்பீட்டர் தூக்கம் கலைந்து எழ வேண்டுமே! ‘‘நாலாவது தெருவுல தண்ணி’’ என்றால், ‘‘தெருவுல தண்ணி’’ என்று கேட்கும். வெள்ளத்தில் எந்தத் தெரு என்பதுதானே முக்கியம்? ஒரு நொடி பொறுத்துப் பேச எல்லோரும் பழகிக்கொண்டோம்.

கடைசிப் பரீட்சை ராத்திரி. மெயின் ஸ்விட்சை அணைத்து, இன்வர்ட்டர் பேட்டரியில் ரிப்பீட்டரை ஓடவிட்டோம். முடிச்சூர் நண்பரை, அன்று தண்ணீர் புகுந்த அதே கீழ் வீட்டுக்குள் நின்று பேசச் சொல்லியிருந்தேன்.

பட்டனை அழுத்தினேன். ஒரு நொடி பொறுத்தேன்.

‘‘முடிச்சூர்... கேக்குதா? ஓவர்.’’

மௌனம். அப்புறம், பக்கத்தில் நிற்பதுபோல் அவர் குரல்:

‘‘கேக்குது. நான் கீழதான் இருக்கேன். நல்லா இருக்கேன். ஓவர்.’’

2015-ல் நான் இரண்டு நாள் காத்திருந்த அந்த ஒரு வரி! எனக்குச் சட்டென்று பதில் பேச வரவில்லை. ‘‘என்னய்யா, பேட்டரி போயிடுச்சா?’’ என்று அவர்தான் மறுபடி கூப்பிட்டார்.

மறுநாள் ஐந்து பேரும் ஒரு வேலை செய்தோம். அலைவரிசை, கலர் கோடு, ஸ்லாட், டாக் குரூப், பொது அனலாக் சேனல் எல்லாவற்றையும் சின்னச் சீட்டில் எழுதி, அவரவர் செட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டோம். செட் எந்தக் கம்பெனியாகவும் இருக்கட்டும். சீட்டு ஒன்றாக இருந்தால் போதும்.

வடாம் எடுக்க வந்த மாமி, ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார்.

‘‘ஏம்ப்பா, மடிப்பாக்கத்துல என் பொண்ணு இருக்காளே... அன்னிக்கு அவளும்தான் ரெண்டு நாள் கிடைக்கலை. இதுல கிடைப்பாளா?’’

மாமி ஒன்றையும் மறக்கவில்லை!

‘‘பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தா கிடைப்பாங்க மாமி. நீங்களும் எடுக்கணும்.’’

மாமி வடாம் தட்டைக் கீழே வைத்தார்.

‘‘புஸ்தகம் இருந்தா கொடு!’’