இயந்திர மனிதன் ஆர்ச்சி: ஒரு சித்திரக்கதை ஆராய்ச்சி

சித்திரக்கதை என்றவுடன் அதனைச் சிறார் விளையாட்டென ஒதுக்கிவிடுவார் பலர். ஆயினும் ஒரு காலத்து மாந்தர் எவற்றை விரும்பினர், எவற்றுக்கு அஞ்சினர் என்பதைப் பெருநூல்கள் போலவே இம்மலிவுத் தாள்களும் காட்டவல்லன. இவ்வுண்மைக்குச் சான்றாக 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்த ‘லயன்’ என்னும் சிறுவர் வார இதழின் முதலிதழைக் கொள்ளலாம்.

1950இல் தோன்றிய ‘ஈகிள்’ இதழ் பெருவெற்றி பெற்றது. அதற்குப் போட்டியாக அமல்கமேட்டட் பிரஸ் நிறுவனத்தார் தொடங்கியதே ‘லயன்’. முதலிதழின் அட்டையில் விண்வெளி வீரன் கப்டன் கொண்டர் வண்ணத்திற் காட்சியளித்தான். எனினும் பிற்காலத்தில் நிலைபெற்ற புகழுக்கு உரியவன் உட்பக்கத்தில் வந்த ‘காட்டு ரோபோ’வே. இவனே பின்னர் ஆர்ச்சி எனப் பெயர்பெற்றவன். கதையை எழுதியவர் ஜோர்ஜ் கோவன்; தொடக்கத்திற் படம் வரைந்தவர் அலன் பில்பொட்.

பேராசிரியர் ரிச்சி பேராற்றல் வாய்ந்த உருக்கு மனிதன் ஒருவனை அமைக்கின்றார். அவர்தம் உறவினனாகிய டெட் ரிச்சியும், அவன் தோழன் கென் டேலும் அம்மனிதனுடன் காடு புகுகின்றனர். கதைப்பொருள் இவ்வளவே. தொடக்கத்தில் ஆர்ச்சிக்குப் பேச்சில்லை, தன்விருப்பமும் இல்லை. தொலைவிலிருந்து இயக்கும் கருவியின் விசைகளே அவனை நடத்தின. இக்கதை அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டு, 1957இல் மீண்டும் தொடங்கிற்று. அதன்பின் நெடுங்காலம் படம் வரைந்தவர் டெட் கியரன். 1960களில் ஆர்ச்சிக்குக் குரல் வாய்த்தது. தற்பெருமையும் உடன் வந்தது. ஊமைக் கருவியாக இருந்தவன் தன் வலிமையைத் தானே பாராட்டும் நகைச்சுவைப் பாத்திரமானான். 1974இல் ‘லயன்’ வேறோர் இதழுடன் இணைக்கப்படும்வரை அவன் புகழ் குன்றவில்லை.

‘ரோபோ’ என்னும் சொல்லின் வரலாறு ஈண்டுக் கருதத்தக்கது. செக் நாட்டு நாடகாசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தால் அது உலக வழக்கிற்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். எனவே அடிமை என்னும் பொருள் அச்சொல்லின் பிறப்பிலேயே அடங்கியுள்ளது. அந்நாடகத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கின்றனர். ஆர்ச்சியோ ஒருபொழுதும் ஏவலை வெறுத்தெழும் அடிமையாகக் காட்டப்படவில்லை. சிறுவன் ஒருவன் தன் கைவிசையால் மாமலை போன்ற வலிமையை ஏவலாம் என்னும் கனவே இளையோரைக் கவர்ந்தது.

தமிழ் மாணவர்க்கு இக்கனவு புதிதன்று. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் அமைப்பித்த மயிற்பொறி, அரசி விசயையைப் பகைவரிடமிருந்து காத்துச் சுடுகாட்டில் இறக்கிற்று. உதயணன் வரலாற்றிலோ, வீரரை உள்ளே மறைத்த எந்திர யானை அம்மன்னனை வஞ்சித்துச் சிறைப்படுத்திற்று. ஒரு பொறி காத்தது, மற்றொன்று கவர்ந்தது. பொறியின் நன்மையும் தீமையும் அதனை ஏவுவோன் கருத்தையே சார்ந்தன என்பதை அப்புலவர்கள் அன்றே அறிந்திருந்தனர். ‘லயன்’ முதலிதழ் தோன்றிய அதே 1952இல் யப்பானில் ஒசாமு தெசூக்கா படைத்த ‘அணுச் சிறுவன்’ கதையும் தொடங்கிற்று. அவ்வியந்திரச் சிறுவனுக்கு அன்பும் துயரும் உண்டு. கருவிக்கு உள்ளம் இருப்பின் அதற்கு நாம் இழைக்கும் கடன் யாது என அக்கதை வினவிற்று. அவ்வினா ‘காட்டு ரோபோ’விற் காணப்படாமை அதன் ஆழக்குறைவே.

மற்றொரு குறையும் உண்டு. அக்காலத்து இங்கிலாந்துச் சிறுவர் இதழ்கள் ஆபிரிக்க, ஆசிய மக்களை மூடநம்பிக்கையும் பேரச்சமும் உடையோராகவே தீட்டின. காட்டினுட் புகும் வெள்ளை இளைஞரின் வீரமே பெரிதெனக் கொண்ட அம்மரபினின்று இக்கதையும் விலகியதன்று. குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டினர் இதனைச் சுவைக்குங்கால் இக்குறையையும் உணர்ந்து சுவைத்தல் வேண்டும்.

ஆர்ச்சி தமிழ் பேசியது சிவகாசியில். அங்கு 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ தோன்றியது. 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கப்பெற்றது. பின்னதன் வாயிலாக ஆர்ச்சி ‘இரும்பு மனிதன்’ ஆனான். ‘சட்டித்தலையன்’ என்னும் செல்லப்பெயரும் பெற்றான். பிறமொழிப் பாத்திரம் தமிழ்ச் சிறார்க்கு உறவினன் போலாதற்கு இப்பெயர் ஒன்றே போதியது. உருண்ட தலையைக் கண்டு சமையலறைச் சட்டியை நினைந்த குறும்பு, நேர் மொழிபெயர்ப்பால் வாராத உயிர்ப்பாகும்.

இலங்கையில் இத்தகைய இதழ்களின் வாழ்வு இடர் நிறைந்தது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஈழத்து வெளியீடுகள் ஊக்கம் பெற்றன. ஆயினும் தமிழகத்து இதழ்கள் இங்கு அரிதாயின. 1983 யூலையிற் கொழும்புத் தமிழர் இல்லங்கள் பல எரிந்தபொழுது ஏடுகளும் உடன் எரிந்தன. பெருநூலை இழந்தால் மறுபதிப்பு வரும். மலிவுத் தாளை இழந்தால் அதனைத் தேடுவாரும் இலர். ஆதலின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய பெட்டிகளில் எஞ்சியுள்ள சித்திரக்கதை இதழ்களைப் பழந்தாள் வணிகர்க்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒருகணம் எண்ணுதல் தகும். அவற்றை எண்ணிமப் படிகளாகப் பேணும் வசதி இன்று உண்டு. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பேணி வருதல் இதற்கு நல்வழிகாட்டி.

சிந்திக்கும் இயந்திரங்கள் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்துவிட்ட இக்காலத்தில், விசை எவர் கையில் உள்ளது என்னும் வினா சிறுவர் கதைக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர்கள் அவ்வினாவை மாணவர்முன் வைக்க விரும்பின், ஆர்ச்சியின் பழைய இதழொன்று நல்ல பாடநூலாகும்.