கண் நல்லாயிருக்கு, ஆனா தெரியலையே!

முன்னாலிருக்கும் சொம்பைத் தடவித் தேடுவாங்க எங்க அப்பாயி. புரைன்னு நினைச்சு பெரம்பலூருக்குக் கூட்டிப் போனோம். கண்ணில் குறையே இல்லையாம்! திருச்சி நரம்பு டாக்டர்தான் கண்டுபிடிச்சார்: அல்சைமர்.

அது மறதி நோயாச்சே என்கிறீர்களா? பெரும்பாலும் அப்படித்தான். சிலருக்கு மட்டும் பார்வையில் தொடங்கும். கண் காட்டுவதை இன்னதென்று புரிந்துகொள்வது பின்மண்டைப் பக்கத்து மூளை. அங்கே நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. உள்ளே டௌ என்ற புரதம் சிக்கு விழுந்த நூல்போல முறுக்கிக்கொள்கிறது. செல்கள் சாகின்றன. படிக்கும்போது வரி தவறும், படிக்கட்டு மட்டம் தெரியாது. ஞாபகம் மட்டும் ஓரளவு நன்றாயிருக்கும்!

இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007-ல் இதே வகை நோய் தெரிந்தது. பிறகும் வாயால் சொல்லியே நாவல்கள் எழுதினார், 2015-ல் இறந்தார்.

சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் சொம்பு அப்பாயிக்குத் தெரியலை. சிவப்பு டம்ளர் வச்சோம். சட்டுன்னு எடுத்துட்டாங்க!