பாப்பாத்தி அம்மாள் கிணறு

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். சுற்றிலும் தண்ணிதான்; ஒரு வாய் குடிக்க முடியாது! இப்படிப்பட்ட சீமையில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு வெட்டித் தந்தவரை ஊர் லேசில் மறக்குமா? எனக்குப் பாளையங்கோட்டை கிளாரிந்தா ஞாபகம்தான் வரும்.

தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவருக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார் சுவார்ட்ஸ் பாதிரியார். துரை இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். அம்மணி கோபித்துக்கொண்டு ஒதுங்கினாரா? ஊஹூம்! 1780-ஆம் வருஷத்து சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயரே இவருடையது. இவர் முயற்சியில் 1785-ல் கோயில் எழும்பியது. ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தார். ஊர் ஜனங்களுக்காகக் கிணறும் வெட்டினார்.

வேடிக்கையைப் பாருங்கள் சார்... அவர் விட்டுவிட்டு வந்த ஜாதியை ஊர் விடவில்லை! கோயில், 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'. கிணறு, 'பாப்பாத்தி அம்மாள் கிணறு'. 'கிளாரிந்தா' என்று அட்டையில் போட்டு நாவல் எழுதியவர் அ. மாதவையா, 1915-ல். அதுவும் இங்கிலீஷில்!